தலைக்கு மேல் கொஞ்சம் இடம்

கல்யாணமாகி ஆவுடையார்கோவிலுக்கு வந்த பிறகு அன்புச்செல்வி தன் வேலையாக என்று வெளியே போனது ஒரு சாவுக்குப் பிறகுதான். அதுவரை போனதெல்லாம் கோயில், ஆஸ்பத்திரி, விசேஷ வீடு. கணவர் செந்தமிழன் பைக்கில் கூட்டிப்போவார், கூட்டிவருவார்.

செந்தமிழன் உரக்கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. "ஒனக்கு இங்க என்ன கொறச்சல்?" என்று மட்டும் அடிக்கடி கேட்பார். அன்புச்செல்வி யோசித்துப் பார்ப்பாள். சொல்வதற்கு எதுவும் அகப்படாது. காலையில் அவர் கடைக்குப் போகும்போது கேட்டை வெளியிலிருந்து இழுத்துச் சாத்துவார். பூட்ட மாட்டார். பூட்டியிருந்தாலாவது சொல்வதற்கு ஒன்று இருந்திருக்கும்.

மகன் நிலவழகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பகல் முழுவதும் அவள் மட்டும். பழைய வளையல்களில் பட்டு நூல் சுற்றப் பழகினாள். வண்ணக் காகிதத்தைச் சுருட்டிக் கம்மல் செய்தாள். ஆரத்தித் தட்டுக்குச் சமிக்கியும் கண்ணாடிச் சில்லும் ஒட்டினாள். தெருப் பெண்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். கொஞ்ச நாளில் அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள்.

"வாசல்ல இம்புட்டுச் செருப்பு கெடந்தா வீடு மாதிரியா இருக்கு?" என்றார் செந்தமிழன்.

அதோடு ஆள் வருவது நின்றது. அவள் செய்வது நிற்கவில்லை. செய்ததைப் படம் எடுத்துவிட்டு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தாள்.

கேமரா அவளுடைய கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஒரு லீவு முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, திரும்பும்போது "இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்று விட்டுப்போனார். அவள் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டாள். லென்ஸின் வாயை அகலத் திறந்தால் முகம் நிற்கும், பின்னால் இருப்பது கரையும். வாயைச் சுருக்கினால் எல்லாம் தெளியும், ஆனால் கை ஆடக் கூடாது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அழுத்த வேண்டும். இதையெல்லாம் அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் பழகினாள்.

சுற்றுச்சுவருக்குள் இருந்ததை எடுத்தாள். துவைக்கிற கல்லில் விழும் காலை வெயில். மொட்டைமாடியில் வடகம். கொடியில் காயும் சட்டைகளுக்கு அப்பால் முருங்கை. சமையலறை ஜன்னல் வழியே தெரியும் எதிர்வீட்டுச் சுவர். மழைக்கு முன், மழைக்குப் பின், சுண்ணாம்பு அடித்த பின் என்று அந்த ஒரே சுவர் எத்தனையோ தடவை. அதற்கு மேல் எடுக்க அங்கே எதுவும் இல்லை.

"கடை வீதிப்பக்கம் ஒரு நாள் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"அங்கிட்டு என்ன இருக்கு? நாலு பேரு நின்னு பாப்பானுக. வீட்டுக்கு வாறவுகள எடு."

வீட்டுக்கு வந்தவள் எதிர்வீட்டு முனியாயி. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றாள். அன்புச்செல்வி கதவோரம் ஒரு பச்சைப் புடவையைக் கட்டி, அதில் காகிதப் பூக்களைக் குத்தி, முனியாயியை முக்காலியில் உட்காரவைத்தாள். கையில் சிவப்புப் பட்டு வளையல்களைப் போட்டுவிட்டாள்.

"இந்த வயசுல எனக்கு என்னாத்துக்குடி வளையலு? எவன் பொண்ணு பாக்க வாறான்?"

"வந்தாலும் வருவாக. அசையாம இருங்க."

"வந்தா ஒன் வீட்டுக்காரர்ட்டதான் வெசாரிப்பான். யூரியா எவ்வளவு போட்டா இப்படி வளரும்னு."

அன்புச்செல்விக்குச் சிரிப்பில் கை ஆடியது. முனியாயியும் கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள். சிரித்த இடத்தில் அன்புச்செல்வி அழுத்தினாள்.

அறுவடை முடிவதற்குள் முனியாயி போய்விட்டாள். மகன் அந்தப் படத்தையே ஃபிளெக்ஸ் கடை சிவபிரகாஷுக்கு அனுப்பி, கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொன்னான். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு முனியாயி சிரித்துக்கொண்டு நின்றாள். சாவுக்கு வந்தவர்கள் பேனர் முன்னால் நின்றுவிட்டு வந்துதான் பந்தலில் உட்கார்ந்தார்கள். "உசுரோட பாக்குறாப்புல இருக்கே, யாரு எடுத்தது?" என்று கேட்டார்கள்.

பேனர் இல்லாமல் இந்தப் பக்கம் யாரும் சாவதில்லை. ஆதார் அட்டையிலிருந்து வெட்டிய முகமோ, கல்யாணக் கூட்டத்திலிருந்து பிய்த்தெடுத்த பாதி முகமோ ஊதிப் பெரிதாகித் தெருவில் நிற்கும். அந்த வரிசையில் முனியாயி தனியாகத் தெரிந்தாள். பின்னாளில் அன்புச்செல்வி இறந்தபோது அவளுக்கு மட்டும் பேனர் வைக்கவில்லை. வேண்டாம் என்று நிலவழகன் சொல்லிவிட்டான்.

முனியாயியின் காரியம் முடிந்த கையோடு முதல் அழைப்பு வந்தது. "அப்பாவுக்கு ஒடம்புக்குச் சொகமில்ல. நல்லா இருக்கையிலயே ஒரு படம் எடுத்துருத்தா, புண்ணியமாப் போகும்."

செந்தமிழனால் இதை மறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க ஆயிரம் சாக்குச் சொல்லலாம். படுக்கையில் கிடப்பவர் வீட்டிலிருந்து கூப்பிட்டால் சாக்குக் கிடையாது. "சரி, ஏறு" என்று பைக்கை எடுத்தார். கடையில் ஆள் நிற்கும் நாட்களில், "நீயே ஆட்டோ புடிச்சுப் போயிட்டு வந்துரு" என்றார்.

இப்படித்தான் கேட் திறந்தது.

இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு சிவபிரகாஷ் போன் செய்தான். "அக்கா, ஒங்க படத்துல வேலயே இல்லக்கா, அப்புடியே அடிக்கலாம். ஒண்ணே ஒண்ணு. தலைக்கு மேல கொஞ்சம் எடம் விட்டு எடுங்க, எழுத்து வைக்கணும். கீழயும் விடுங்க. தோற்றம், மறைவு ரெண்டு தேதி வரணும்ல."

அவன் சொன்னது வேலைக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அப்படியே எடுத்தாள். தலைக்கு மேல் ஒரு சாண், நெஞ்சுக்குக் கீழே ஒரு சாண். கை தானாக அந்த அளவில் நிற்கத் தொடங்கியது.

கோட்டைப்பட்டினத்திலிருந்து சார்லஸ் என்ற படகுக்காரர் தன் தாயாருக்காகக் கார் அனுப்பினார். செந்தமிழனும் கூட ஏறிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு நினைவு வந்துவந்து போனது. அன்புச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மீன் விலையைப் பற்றிப் பேசிப்பேசிக் கண்ணைத் திறக்கவைத்து எடுத்தாள். முடித்து வெளியே வந்தால் தெருக்கோடியில் கடல். வாக்கப்பட்டு வந்த பிறகு அவள் கடலைப் பார்த்ததில்லை. அரை மணி தள்ளித்தான் இருந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லுங்க."

படகுகளை எடுத்தாள். வலை இழுக்கும் கைகளை எடுத்தாள். தண்ணீரில் இறங்கி நின்று, புடவை நனைய, ஒருபக்கம் சாய்ந்த படகின் விலாவை எடுத்தாள். காரிலிருந்து செந்தமிழன் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை ஹாரன் அடிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது சார்லஸின் தாயார் இறந்த செய்தி வந்தது. அன்புச்செல்வியின் முகத்தில் அப்போதும் கடலைப் பார்த்த சந்தோஷம் இருந்தது. அதை அவளே உணர்ந்தாள்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று காதில் விழுந்தால், கை பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிடும். போட்ட பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். பிடுங்கிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செருகுவாள்.

ஊர் வேறு மாதிரி கணக்குப் போட்டது. அவள் எடுத்தால் போய்விடுகிறார்கள். போகப்போகிறவர்களைத்தான் எடுக்கக் கூப்பிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பிழைத்தவரும் உண்டு. அடைக்கப்பன் என்ற பெரியவர் படம் எடுத்த மறு மாதம் எழுந்து உட்கார்ந்து, அதே படத்தை எண்பதாம் கல்யாணத்துக்குப் பேனர் அடித்துவிட்டார். அன்புச்செல்வியை வழியில் பார்த்து, "ஒன் வேலைய நீ ஒழுங்காத்தான் செஞ்ச, நான்தான் ஏமாத்திட்டேன்" என்று சிரித்தார். ஊர் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விசேஷ வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போது, "அவசியம் வாங்கக்கா, கைய வீசிக்கிட்டு வாங்க" என்றார்கள். கேமராப் பையோடு தெருவில் போனால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் குழந்தைகளை எடுக்க ஆசைப்பட்டாள். ஓடும், நிற்காது, கண்ணைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்.

நிலவழகன் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனான். விராலிமலைப் பெண் இனியாவைக் கட்டிவைத்தார்கள். இனியாவுக்கு வளைகாப்பு என்றதும் அன்புச்செல்வி மகனுக்குப் போன் போட்டாள்.

"போட்டோவுக்கு ஆள் சொல்லாதடா. நான் எடுக்குறேன்."

"சொல்லலம்மா. நீங்கதான்."

அவள் பிறகு உட்காரவில்லை. இனியாவுக்குப் போட வளையல்கள், வருகிற பெண்களுக்குக் கொடுக்க வளையல்கள், எல்லாம் பட்டு நூலில். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு திரை தைத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். எந்த நேரத்தில் எந்த ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் நாற்காலியில் விழும் என்று பார்த்துவைத்தாள். சாகப்போகாத ஒரு முகத்தை எடுக்கப்போகிறாள். அந்த ஒரு படத்தை ஊர் பார்த்துவிட்டால் போதும், பேச்சு மாறிவிடும் என்று நம்பினாள்.

நாள் நெருங்கும்போது செந்தமிழன் சாப்பிட உட்கார்ந்துகொண்டு சொன்னார். "சம்பந்தியம்மா கூப்பிட்டாக. அறந்தாங்கில ஒரு பய இருக்கானாம், நல்லா எடுப்பானாம். அவுகளே சொல்லிட்டாக."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... தலப்புள்ள. ஒனக்கே தெரியும்ல."

அவள் ரசம் ஊற்றினாள். மகன் போனில் சத்தம் போட்டான். சம்பந்தியம்மாள் அவனிடம், "மாப்ள, ஒங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல. அவுக கை நல்ல கை. கேமராவத்தான் வேணாங்குறேன்" என்றார்.

வளைகாப்பன்று அறந்தாங்கிப் பையன் தன் விளக்குகளோடு வந்தான். அவள் திறந்துவைத்திருந்த ஜன்னலைச் சாத்தினான். அன்புச்செல்வி புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, வளையல் போட்டார்கள். கடைசியில் இனியா இரண்டு கையும் நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனி எந்திரிம்மா" என்றார் சம்பந்தியம்மாள்.

"அத்தை ஒண்ணு எடுக்கட்டும். எடுக்காம எந்திரிக்க மாட்டேன்."

"இனியா, பேசாம இரு."

"அத்தே! இங்கிட்டு வாங்க. கேமராவ எடுத்துட்டு வாங்க."

சம்பந்தியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செந்தமிழன் வாசலில் யாரையோ வரவேற்கப் போனார். அங்கே யாரும் இல்லை. நிலவழகன், "எடுங்கம்மா" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கேமராவைக் கொண்டுவந்தாள். ஜன்னலைத் திறந்தாள். கண்ணில் வைத்தாள். இனியா வளையல் கையைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சிரித்தாள். நல்ல வெளிச்சம். மூச்சை விட்டாள். அப்போதுதான் பார்த்தாள். இனியாவின் தலைக்கு மேல் ஒரு சாண் வெறும் திரை. வயிற்றுக்குக் கீழே ஒரு சாண். கை அதே அளவில் நின்றிருந்தது.

கேமராவைத் தாழ்த்தி மறுபடி உயர்த்தினாள். மறுபடி அதே இடம். ஓரடி முன்னே போனாள். முகம் கட்டத்தை நிறைத்தது. அதற்கு மேல் எழுத்து தெரிந்தது. இல்லாத எழுத்து. சிவபிரகாஷ் வைக்கும் அதே சிவப்பு எழுத்து.

"சார்ஜ் இல்லம்மா" என்றாள்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். சம்பந்தியம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி, நீங்க இன்னும் சந்தனமே பூசல" என்று அன்பாகக் கூட்டிப்போனார்.

அந்த வாரமே படுக்கையில் கிடக்கும் ஒருவர் வீட்டிலிருந்து போன் வந்தது. செந்தமிழன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு நின்றார்.

"கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க."

"நல்லாத்தானே இருக்கு?"

"இனி யாருக்கும் எடுக்கல. புள்ள பொறக்கப்போகுது. பேச்சு ஓயட்டும்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். உண்மையாகவே நிம்மதியாக இருந்தார். மறுநாள் கடைக்குப் போகும்போது கேட்டை இழுத்துச் சாத்தினார்.

பேத்தி பிறந்தாள். அன்புச்செல்வி தூக்கினாள், குளிப்பாட்டினாள், படம் எடுக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் போகவில்லை. ஆட்டோவில் தனியாகப் போனதும் கடலும் அதோடு முடிந்தன. எதிர்வீட்டுச் சுவரை மறுபடி எடுத்தாள். அந்த வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியதும் அதுவும் போனது. இனியா மட்டும் போனில், "ஒங்கள எடுக்க விடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கேன் அத்தே, அம்மா எறங்கி வந்துட்டாக" என்பாள்.

தை மாதத்தில் சம்பந்தியம்மாள் தானே பேசினார். "ஒரு வருசத்துக்கு மேல யாருக்கும் எடுக்கலயாமே சம்பந்தி. பங்குனில காது குத்துறோம். நீங்களே எடுங்க. வேற ஆள் வேணாம்."

அன்புச்செல்வி போனை வைத்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தாள். பிறகு முருங்கையை எடுத்துப் பார்த்தாள். துவைக்கிற கல்லை எடுத்தாள். எல்லாவற்றையும் கட்டத்தின் ஓரம்வரை நிறைத்து எடுத்தாள். கையின் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

மாசியில் அன்புச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். நிலவழகன் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் நல்ல காரியம் கிடையாது. காதுகுத்து அடுத்த பங்குனிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. படம் எடுக்க அறந்தாங்கிப் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.