கோர்டி சுமந்து வந்த எந்திரம்

கோர்டி ஸ்டெல்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. மில்வாக்கியில் ரிவர்வெஸ்ட் பக்கம் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. காதோரம் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சாயங்காலமானால் எங்கள் 'வெட் கார்பெட்' குழுவில் பேஸ் கிட்டார். ஜானெல் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள், நான் டிரம்ஸ். மூன்றே பேர். அதில் இரண்டு பேருக்குப் புத்தி இருந்தது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை, பதிவு, கச்சேரி எல்லாம் அவன் வீட்டு நிலவறையில்தான். வெளியூர்க் குழுக்கள் வந்தாலும் அங்கேதான் வாசிப்பார்கள். தொப்பி ஒரு சுற்று வரும், விழுந்தது அவர்கள் பெட்ரோலுக்கு. கோர்டி ஓர் அண்டா நிறைய பீன்ஸும் கறியும் போட்டுச் சில்லி சமைத்து வைத்திருப்பான். காரம் என்று பெயர்தான், பச்சைக் குழந்தைக்கே ஊட்டலாம்.

அந்த நிலவறை மூலையில் ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி ஓயாமல் உறுமும். எங்களிடம் சுருதி காட்டும் டியூனர் கிடையாது. எந்திரம் எந்தச் சுருதியில் உறுமுகிறதோ அதுதான் எங்கள் சுருதி. முதலில் கோர்டி அதன் பக்கத்தில் குந்தி பேஸைச் சேர்ப்பான், பிறகு ஜானெல் அவனோடு சேர்ந்துகொள்வாள்.

"அத அணைச்சுத் தொலையேன்டா, என் டிரம்ஸ் எனக்கே கேக்கல," என்று நான் கத்தாத நாள் இல்லை.

"அணைச்சா ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பூஞ்சை புடிச்சிரும் ரோண்டா."

"டேப் முழுக்க உர்ருன்னு கேக்குதே!"

"அதனாலதான் அதோட சுருதிக்கே வாசிக்கிறோம். சண்டை வராதுல்ல."

பதிவும் அவன்தான் செய்வான், பழைய கேசட் எந்திரத்தில். நன்றாகப் பாடியிருப்பாள் ஜானெல். அதன் மேல் பேஸ் இரைச்சலை அள்ளிக் கொட்டுவான். கேட்கிறவர்களுக்கு யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். நகலெடுத்துக் கையால் பின்னடித்து விற்கும் சிறு பத்திரிகைகள் இதைத்தான் 'நேர்மை' என்று எழுதின. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு மனிதன் வால்யூமைக் குறைக்க மறுப்பதில் என்ன நேர்மை?

அப்புறம் காலம் மாறியது. ரேடியோவைத் திருப்பினால் எல்லாம் வேக வேகமான, துடைத்து வைத்த பாப் பங்க் பாட்டு. எதிரொலி இல்லை, பிசிறு இல்லை, இரண்டாம் முறை கேட்கும்போது நாமே கூடப் பாடிவிடலாம். ஜானெலுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பின்னாலிருக்கும் பிள்ளைகள் எல்லாருடைய பாட்டையும் பாடுகிறார்கள், அவளுடையதைத் தவிர.

சிகாகோவில் ஒரு சின்ன கம்பெனி, சுத்தமாகப் பதிவு செய்தால் ஆல்பம் போடுகிறேன் என்றது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போனபோது ஜானெல் விஷயத்தைச் சொன்னாள். கோர்டி மீனின் மேல்மாவை உரித்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே இருந்தான்.

"இப்படியே இருக்கட்டுமே ஜானெல். நம்ம சத்தம் நல்லாத்தானே இருக்கு."

"சத்தம் நல்லா இருக்கு. நான் எங்க இருக்கேன் அதுல? எங்கம்மாவுக்கே என் குரல் எதுன்னு தெரியல கோர்டி."

கோர்டி உரித்த மாவைத் தின்றான்.

சிகாகோ ஸ்டுடியோவில் வெஸ் என்பவர் பதிவு செய்தார். முதல் காரியமாக ஆளுக்கொரு டியூனர் கொடுத்தார். செருகிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷமா எல்லாரும் ஒண்ணா சுருதிக்குக் கீழ இருந்திருக்கீங்கப்பா! ஒருத்தருக்குமா தெரியல?" கோர்டியைத் தவிர எல்லாரும் சிரித்தோம். சுருதியை மேலே ஏற்றினோம். கிட்டார் பளிச்சென்று ஆனது.

ஜானெல் பாடினாள். பல்லவியின் உச்சியில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள், மறுபடி உடைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் குரலை மூடுவதற்கு அங்கே இரைச்சல் எதுவும் இல்லை.

"கொஞ்சம் சுருதி இறக்கிக்கலாமா?" என்றார் வெஸ்.

"யாருக்காக? எனக்காகவா? ஒண்ணும் வேண்டாம்."

அவருக்கு அவளைத் தெரியாது. பதினாறு வயதில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள். ஒரு ஞாயிறு, குழுவை நடத்தியவர் எல்லார் முன்னாலும் அவளை மேல்குரல் வரிசையிலிருந்து எழுப்பிக் கீழ்க்குரல் வரிசையில் உட்கார வைத்தார். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தவள், அந்தச் சர்ச் வாசலை அதற்கப்புறம் மிதிக்கவில்லை. அவளுக்காக இறக்குகிறோம் என்று யாராவது சொன்னால் பாடுவதையே விட்டுவிடுவாள். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

மறுநாள் மத்தியானம் கோர்டியைக் காணவில்லை. வேனையும் காணவில்லை. சாயங்காலம் வந்து நின்றான். முன் இருக்கையில் சீட் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது ஈரம் உறிஞ்சும் எந்திரம்.

"இது இல்லாம எனக்கு வாசிக்க வரல," என்றான்.

"நீ மனுஷனாடா?" என்றாள் ஜானெல். "ஸ்டுடியோவுக்கு யாராவது இதத் தூக்கிட்டு வருவாங்களா? என் மானம் போகுது!"

அவன் அசையவில்லை. பதிவறைக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அதை வைத்து, பழையபடி குந்தி பேஸைச் சேர்த்தான். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிற இடம்; வெஸ் கையை விரித்துவிட்டு எல்லாரையும் அவனோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார். கதவைச் சாத்தினோம். உறுமல் உள்ளே வரவில்லை. ஜானெல் பாடினாள். உச்ச ஸ்தாயி கையில் வந்து உட்கார்ந்தது.

"நேத்து தொண்டை கட்டியிருந்திருக்கு," என்றாள் சந்தோஷமாக.

எந்திரத்தைத் திரும்ப வேனில் ஏற்ற அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சரிந்ததில் தண்ணீர் சேரும் வாளி வெளியே விழுந்தது. நான் துள்ளி விலகினேன். ஒரு சொட்டு இல்லை. அடியில் தடிமனாகத் தூசி, செத்த அந்துப்பூச்சி ஒன்று.

"டேய், இது ஈரம் உறிஞ்சினதே இல்லையா?"

"நிலவறைல ஏது ஈரம்? காஞ்சுதான் கிடக்கு."

"அப்ப எதுக்குடா இந்தக் கழுதைய வெச்சிருக்க?"

அவன் வாளியைத் துடைத்தபடி சொன்னான். "முதல் ஒத்திகைல அவ குரல் உடைஞ்சுது. முகம் செத்துப் போச்சு. அடுத்த வாரம் வரமாட்டான்னு தோணிச்சு. இது உறுமுற சுருதி சரியா அவளுக்கு எட்டுற இடத்துல இருந்துது. அவளுக்காகன்னு சொன்னா ஒத்துப்பாளா? எந்திரத்துக்காகன்னு சொன்னேன்." பிறகு, "அவகிட்ட சொல்லிறாத ரோண்டா," என்றான்.

அந்த இரைச்சல் எதற்கு என்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டேப்பில் அவள் தடுமாறிய இடத்தில் எல்லாம் திரை போட்டிருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, வாளியாலேயே ஒன்று போடவும் தோன்றியது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

ஆல்பம் வந்தது. கல்லூரி ரேடியோக்கள் போட்டன. ஜானெல் குரலைத்தான் எல்லாரும் பேசினார்கள். பேருந்துப் பிள்ளைகள் அவள் பாட்டைப் பாடினார்கள். நிலவறைக் கூட்டம் எங்களை விலை போனவர்கள் என்றது. அவர்களுக்குக் கோர்டி மட்டும் பழைய இரைச்சலுக்காக உயிரைக் கொடுக்கும் உத்தமன். அதற்கு அத்தாட்சி அந்த எந்திரம். ஊர் ஊராக அது கூடவே வந்தது. படிக்கட்டுகளில் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனது. ஜானெல் ஒவ்வொரு ஊரிலும் அவனைத் திட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம் ஏரிக்கரையில் பெரிய விழா. ஒலி சரிபார்க்கும்போது எந்திரத்தின் உறுமல் மேடை ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது. மேடைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். வேறு பேஸ்காரன் தயாராக இருக்கிறான் என்று கம்பெனி ஆள் ஜானெல் காதில் சொன்னார்.

அவள் கோர்டி முன்னால் வந்து நின்றாள். "போதும்டா. என்னால முடியல. இங்க அது இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

கோர்டி பிளக்கைப் பிடுங்கினான். வயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தான். பேஸையும் உறையில் போட்டான். போகத் தயாராகிவிட்டான் மடையன்!

எனக்குப் பொறுக்கவில்லை. டிரம்ஸை விட்டு எழுந்து வந்து வாளியை உருவி அவள் காலடியில் போட்டேன்.

"பாருடி. சொட்டுத் தண்ணி இருக்கா? ஒன்பது வருஷமா இவன் இத ஈரத்துக்கா வெச்சிருந்தான்? உன் தொண்டைக்கு வெச்சிருந்தான்!"

"ரோண்டா, வேணாம்," என்றான் கோர்டி.

"நீ சும்மா இரு!"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜானெல் முகம் சிவந்து போயிற்று. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷமா நான் தாங்கமாட்டேன்னு நினைச்சியா?"

"அப்ப தாங்கியிருக்க மாட்டே," என்றான் அவன்.

அவள் மைக்குக்குப் போனாள். முன் பெஞ்சுகளில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அவள் குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் டியூனருக்கு அரைப் படி கீழயே சுருதி சேருங்க. அவ்வளவு மேல எனக்கு எட்டாது." ஒரு மூச்சு விட்டு, "கோர்டி, பேஸ எடு," என்றாள்.

அவன் எடுத்தான். யாரோ அவன் கையில் டியூனர் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை எந்தப் பக்கம் செருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை; கண் வேறு கலங்கிப் போயிருந்தது. அதையும் நான்தான் போய்ச் செருகிக் கொடுக்க வேண்டியிருந்தது.