ஓடைக்குப் போகாத சட்டை

எங்கள் அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். அப்படி எழுதினால் அது அக்காவின் வாழ்க்கையாக இருக்காது.

ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்து, தங்கையான என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அதே மலையிலுள்ள கொட்டச்சேட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமாவும் அவரும் எஸ்டேட் வேலை பார்த்து ஒரே மகனைக் கல்லூரி வரை படிக்க வைத்தார்கள். விடுமுறையில் மிளகு பறிக்கப் போன பிள்ளை, ஏணி சறுக்கி, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தான். ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

இறந்தவர் உடுத்திய துணியைக் காரியத்தன்று ஓடையில் விட்டுவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். மாமா மூட்டை கட்டி எடுத்துப் போனார். கட்டம் போட்ட ஒரு சட்டையை மட்டும் அக்கா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் யாரோடும் பேசவில்லை. வேலைக்குப் போவார், வருவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சட்டையை வெட்டி, இலையும் பறவையுமாகப் பழைய புடவையை மடித்துச் செய்த போர்வையில் வைத்துத் தைக்கத் தொடங்கினார். "கண்ணு, நூலு கோத்துக் குடு" என்று அப்போது கேட்டதுதான், பிள்ளை போனபின் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. நான் வெளியே போய் அழுதேன்.

விஷயம் மெல்லக் கசிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் முந்தானைக்குள்ளும் ஓடைக்குத் தப்பிய ஏதோ ஒரு துணி இருந்தது. பாவாடை, பனியன், குழந்தையின் குல்லாய். தாங்களே வெட்டி அக்காவின் போர்வையில் தைத்தார்கள். அழுதார்கள், டீ குடித்தார்கள், சில நாள் சிரிக்கவும் செய்தார்கள்.

மாமா காய்ச்சலில் இறந்தபோது வினை வந்தது. "செத்தவங்க துணிய ஊட்ல அடுக்கி வெச்சா இதாங்க நடக்கும். எங்கண்ணனத் தின்னது அந்தப் போர்வைதானுங்க" என்று மாமாவின் தம்பி வாசலில் நின்று கத்தினார். பெண்கள் வருவது நின்றது. பழி அவர்கள் மேல் விழ வேண்டாமென்று அக்கா தையலைப் பிரித்து, அவரவர் துணித் துண்டை அவரவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

சில வாரத்தில் ஒரு பெண் துண்டோடு திரும்பி வந்தார். "தனியா வெச்சுக்கிட்டு நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க அக்கா. இங்க எல்லாத்தோடயும் இருக்கட்டுமுங்க." மற்றவர்களும் வந்தார்கள். போர்வை மறுபடி சேர்ந்தது.

புற்றுநோயோடு சேலத்து ஆஸ்பத்திரியில் அக்கா கிடந்தபோது, முறை வைத்துக்கொண்டு குளிப்பாட்டியதும் மலம் அள்ளியதும் அந்தப் பெண்கள்தான். உறவினர் பலர் ஆப்பிள் வாங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடக்கத்தன்று, போர்வையும் குழிக்குள் போக வேண்டும் என்று மாமாவின் தம்பி பிடிவாதமாக நின்றார். அந்தத் தாய்மார்கள் விடவே மாட்டார்கள் என்று நான் பயந்தேன். அவர்களோ தாங்களே அதை அக்காவின் மேல் போர்த்தினார்கள். "போகட்டுமுங்க. எங்க புள்ளைங்கள அக்கா பாத்துக்குவாங்க" என்றார் ஒருவர்.

அந்தப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறது. மழையில் உடலை மலையேற்றிய ஜீப் டிரைவருக்கும் நன்றி. மாமாவின் தம்பிக்கும் நன்றி. அழுதுகொண்டே குழி வெட்டியவர் அவர்தான்.

அக்காவின் துணிகளைக் காரியத்தன்று கேட்டார்கள். ஒரு புடவையைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். வெட்டத்தான் இன்னும் கை வரவில்லை.

தங்கை