அந்த அம்மாள் இழுத்த இடம்

அமெரிக்காவின் பழைய பாட்டுக்காரர்களில் எனக்கு ஒரே ஒரு அம்மாள்தான் தெய்வம். மற்றவர்களைக் கேட்க மாட்டேன் என்றில்லை. ஆண் பாடகர் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே பாடுவார். எங்கே மூச்சு விட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த அம்மாள் வாயில் வந்தால் ஒவ்வொரு சொல்லும் அன்றுதான் பிறந்ததுபோல இருக்கும். யாங்கோனில், பசுந்தாங்கில் மூன்றாவது மாடி வீட்டில் நான் தையல் மிஷின் மிதிக்கும்போதெல்லாம் கேசட்டில் அவர்தான் பாடுவார்.

அந்தக் கேசட்டை என் வீட்டுக்காரர் தாமுவேயில் ஒரு சிநேகிதர் வீட்டில் பதிந்து வந்தார். அங்கே பாடிய பெட்டி கரண்ட்டில் ஓடியது. பக்கத்தில் வைத்துப் பதிந்த எங்கள் பெட்டி பேட்டரியில் ஓடியது. எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

ஒரு பாட்டின் கடைசி வரியில் 'நீ' என்று பொருள்படும் சொல் வரும். அங்கே அம்மாளின் குரல் தளர்ந்து, வழுக்கி, கீழே போய், நின்றேவிடும் போலிருக்கும். பிறகு மெல்ல எழுந்து நேராகும். எனக்குக் கண் கலங்கிவிடும். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் விளக்குவேன்: "இந்த இடத்துல அவுகளுக்கு அவன் ஞாபகம் வந்துருச்சு, கேட்டீகளா?"

"தூக்கம் வந்துருக்கும்," என்பார் வீட்டுக்காரர். ரசனை கெட்ட மனுஷன் என்று திட்டுவேன்.

புது ஹோட்டல்கள் வரிசையாகத் திறந்த காலம் அது. ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் பழைய அமெரிக்கப் பாட்டுப் பாட ஆள் தேடுகிறார்கள் என்று என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி சொன்னாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. மிஷினுக்கு முன்னால் பாடியது போதும், ஒருமுறையாவது மனிதர்களுக்கு முன்னால் பாட வேண்டும் என்கிற ஆசையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாளே கிளம்பிப் போனேன்.

அங்கே பியானோ வாசித்தவரை எல்லாரும் சயா என்றார்கள். இங்கே வாத்தியாருக்கும் வித்வானுக்கும் அதுதான் மரியாதை. அதே பாட்டைப் பாடிக் காட்டினேன். கடைசி வரியில் நான் இழுத்தேன். சயா நிற்காமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார், நான் நடுவழியில் தனியாக நின்றேன்.

"இந்த இழுப்பு எங்கிருந்து வந்தது?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"அந்த அம்மா அப்படித்தானே பாடுறாங்க, சயா."

"இல்லையே," என்று தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கு வந்து சரியாகப் பாடுங்கள், இன்னொரு பெண்ணும் வருகிறாள்," என்றார் ஹோட்டல் மானேஜர்.

வீட்டில் போட்டுக் கேட்டேன். அம்மாள் அந்த இடத்தை இஸ்திரி போட்ட துணி மாதிரி நேராகப் பாடிக் கடந்தார். திரும்பத் திரும்பப் போட்டேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு அந்த நேரம் பாத்து மீ போயிட்டு உடனே வந்துச்சு," என்றார். மீ என்றால் எங்கள் பேச்சில் கரண்ட். "பாட்டு இழுத்துக்கிட்டே போய்த் திரும்ப ஓடுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"ஆறு வருஷமா ஏன் சொல்லலை?"

"நீ அந்த இடத்துல அவ்வளவு சந்தோஷமா அழுவே. சொல்ல மனசு வரலை."

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பொழுது சாயும்வரை நேராகப் பாடிப் பழகினேன்.

மறுநாள் கடைசி வரி வந்தது. நேராகப் போகத்தான் நினைத்தேன். குரல் என் பேச்சைக் கேட்கவில்லை, பழகிய பள்ளத்தில் வழுக்கி இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபோது பியானோவும் நின்றது. சயா விரல்களைத் தூக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். என் குரல் எழுந்ததும் கூடவே வந்தார்.

"அந்த அம்மா இப்படிப் பாடவில்லை. இவர் பாடுகிறார். இருக்கட்டும்," என்று மானேஜரிடம் சொன்னார்.

முதல் சனிக்கிழமை வீட்டுக்காரர் நல்ல கைலி கட்டிக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். கடைசி வரியில் நான் இழுத்து, இறங்கி, நின்றேன். ஹாலில் ஒரு சத்தமில்லை. அப்போது கதவுப் பக்கமிருந்து, கரண்ட் வந்ததும் யாங்கோன் தெரு முழுக்கக் கத்துகிற அதே சொல்லை ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"மீ லாபி."

பரிமாறுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டை முடித்தேன்.