நனைந்தால் தெளியும் வில்லை

பழைய கம்மல் பெட்டி ஒன்றில், பஞ்சின் மேல் அந்த வில்லையை வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தோடு. கல்லூரியில் என் அறைக்கு வருகிறவர்கள் அப்பளத் துணுக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பீங்கான் வடிகட்டி. சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத துளைகள் அதில் கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. தண்ணீர் இறங்கிவிடும், பாக்டீரியா மேலேயே தங்கிவிடும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்திருக்கும்போது சுண்ணாம்புச் சுவர் மாதிரி எதையும் காட்டாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணாடியாய்த் தெளிந்துவிடும். இந்த வில்லையில் அந்த ஒரு சொட்டை விட்டவள் என் ஆய்வகத் தோழி.

தொண்ணூறுகளின் கடைசியில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், ஒரே மேசையின் இரண்டு முனைகளில் நாங்கள் ஆராய்ச்சி செய்தோம். நான் கொட்டாம்பட்டிக்காரி, விவசாயக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அவள் மதுரை மகால் பக்கத்துச் சேலை வியாபாரி வீட்டுப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், எங்களோடு மதுரைத் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் சௌராஷ்டிரம். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கேன்டீன் டீ கிளாஸ்கூட அவளிடம் தப்பாது. இந்த வில்லைகளோ தொட்டால் நொறுங்கும் வெளிநாட்டுச் சரக்கு. எங்கள் துறைக்கு வாய்த்தது சில பெட்டிகள்தான். நான் இடுக்கியை எடுக்கும்போதெல்லாம் மேசையின் அந்த முனையிலிருந்து குரல் வரும்: "ஓரத்தப் பிடிப்பா. நடுவுல பட்டுச்சு, போச்சு."

அந்தத் தையில் தெப்பத் திருவிழாவுக்காக வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மற்ற மாதங்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் குளம் அது. ஒரு கேன் நிறைய மொண்டுவந்து வடிகட்டி, கீழே இறங்கிய நீரைச் சத்துக் கரைசலில் கலந்து வைத்தேன். தெளிவாகவே இருந்திருக்க வேண்டிய குடுவை, இரண்டு நாளில் கலங்கிவிட்டது. அத்தனை சின்னத் துளைக்குள் ஏதோ ஓர் உயிர் நுழைந்து வந்திருக்கிறது! பேராசிரியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துறை முழுவதற்கும் மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்து, வரப்போகிற மாநாட்டில் என்னை மேடையேற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் ஊருக்குப் போன் செய்தேன். "எம் மக புதுப் பூச்சி கண்டுபுடிச்சிருக்கா" என்று அம்மா தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு என்ன மருந்தடிக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டாம்.

தோழி மிக்சரைத் தின்று முடித்தாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அந்த டிஸ்க்க வச்சிருக்கியா? ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாப்பமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், எனக்கு நல்லது நடந்தா ஒனக்குப் பொறுக்கலையாக்கும்?"

கோபத்தில் நானே எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வளையத்தை இடுக்கியால் பிடித்து, சன்னலோரம் நின்று ஒரு சொட்டு விட்டாள். வெள்ளை மெல்ல மெல்ல விலகி, வில்லைக்கு அப்பால் நாகமலை தெரிந்தது. மலையின் குறுக்கே, வளையத்தை ஒட்டி, முடி போல ஒரு விரிசலும் தெரிந்தது. என் புதுப் பூச்சி வந்த வழி அதுதான். வடிகட்டாமலே இறங்கிய குளத்துத் தண்ணீரைத்தான் நான் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தன்னுடைய கடைசிச் சோதனைக்காகக் கண்ணுக்குள் வைத்துக் காத்த வில்லைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "இன்னும் குளத்துல தண்ணி கெடக்கு. வா, போயி மொண்டுட்டு வருவோம்."

"ஒன் வேல என்னாகும்?"

"அடுத்த பெட்டி வரட்டும். எனக்கா மாநாடு?"

பஸ் பிடித்துப் போனோம். தண்ணீர் மேல்படிகளை விட்டு இறங்கியிருந்தது. பாசிப் படியில் நான் குனிய, அவள் என் தாவணியை—இல்லை, அப்போது சுடிதாருக்கு மாறிவிட்டேன்—துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு வில்லையையும் நனைத்துப் பார்த்த பிறகே வடிகட்டினோம். குடுவை மறுநாள் தெளிவாக இருந்தது, அதற்கடுத்த நாளும் தெளிவாக இருந்தது. பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். "மேடையில சொல்லிட்டு வந்திருந்தா நம்ம கதி என்னம்மா?" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் ஆய்வேட்டில் புதுப் பூச்சி எதுவும் கிடையாது. அம்மாவுக்குத்தான் ரொம்ப நாள் வருத்தம். அடுத்த பெட்டி வரத் தாமதமாகி, தோழிக்குப் பட்டம் என்னைவிடப் பிந்தித்தான் கிடைத்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்று என் சந்தோஷத்தில் மிக்சர் தின்றவர்கள் நிறையப் பேர். அதைக் கெடுக்கும் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. நான் இன்று தலை நிமிர்ந்து பாடம் எடுப்பது அவளால்தான்.

போன வாரம் என் மாணவி ஒருத்தி, கலங்கிய குடுவையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுடைய வில்லையை நனைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. தோழிக்குப் போன் செய்தேன். "தூக்கிப் போட்றாத. நா வாரேன்" என்றாள்.

மாணவிக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்கதான் பாத்துட்டீங்களே மேடம். அவங்க எதுக்கு?"

நான் கம்மல் பெட்டியைத் திறந்து, வில்லையை அவள் முன்னால் வைத்து, "ஒரு சொட்டு விடும்மா" என்றேன். விட்டாள். வெளிச்சத்தில் பிடித்து விரிசலைப் பார்த்தாள். "இத எனக்குக் காட்டுனவதான் இப்ப வாரா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், வரப்போகிறவளுக்காக ஒரு நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டாள்.