கண்ணாடிச் சுவர்

அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு, மதுரையிலேயே ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் போட்டது நான்தான். போட்டோவில் பளபளப்பைப் பார்த்தேனே தவிர, பாத்ரூமுக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி இருந்ததைக் கவனிக்கவில்லை. அதை மறைக்கும் திரையும் பாதியில் சிக்கி நின்றது. காலையில் மூன்று முறை போன் செய்தேன். "பத்து நிமிஷம் மேடம்" என்றார்களே ஒழிய ஆள் வரவில்லை.

"நீங்க குளிங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்று அப்பா கைலியும் பனியனுமாக, தோளில் துண்டோடு வராண்டாவுக்குப் போனார். அம்மா குளித்து முடித்தார். நான் தலைக்கு ஷாம்பு போட்டிருந்தபோது வெளியே செக்யூரிட்டியின் அதட்டல் கேட்டது.

"யாருய்யா நீ? எந்த ரூமு?"

"இந்த ரூம்தான் தம்பி."

"அப்பக் கதவைத் தட்டு, பாப்போம்."

"அது முடியாதுப்பா. உள்ள பிள்ளை குளிக்குது."

"அப்பா!" என்று கத்தினேன். அம்மா பாதி கட்டிய சேலையோடு கதவருகே தவித்தார். செருப்புச் சத்தம் லிஃப்ட் பக்கம் போய்விட்டது.

ஈரத்தலையோடு கீழே ஓடினேன். ஹோட்டல் வாசலில், அந்த செக்யூரிட்டி பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். அவர் என் அப்பா என்றதும் மேனேஜர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமேப்பா?"

"தட்டுனா நீ பதறி ஓடியாருவியேம்மா."

அப்பா குளிக்கவே இல்லை. திருநகரில் எங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்வதாகச் சொல்லி, நனையாத துண்டை மடித்துப் பையில் வைத்தார். அத்தனை பேர் முன்னால் அவர் நின்றது என் மானத்துக்காக. அந்த ரூமைத் தேடிப் பிடித்தவளும் நானே.