பெண் பார்க்கப் போய் மூக்கு பார்த்தவன்

திருவண்ணாமலையில் புகழேந்தி என்று கேட்டால் ஆளைத் தெரியாது. ‘மூக்குல குச்சி விடுறவரு’ என்றால் ஆட்டோ ஸ்டாண்டில்கூட வழி சொல்வார்கள். அரசு மருத்துவமனை லேபில் அவன் டெக்னீஷியன். காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்களில் டாக்டர் கைகாட்டும் ஆளின் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி, குழாயில் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். நாட்டில் எங்கே எந்த வகை ஃப்ளூ கிளம்பியிருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதெல்லாம் இப்படி ஊர் ஊராகச் சேரும் சளியை வைத்துத்தான் தெரியவருகிறது.

வேலையில் அவன்மேல் ஒரு குறையும் கிடையாது. வேலை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியாது, அவ்வளவுதான். பஸ்ஸில் பின்னால் யாராவது இருமினால் கழுத்து தானாகத் திரும்பும். பௌர்ணமிக் கூட்டம் “அரோகரா” என்று குரல் கொடுத்தால் மற்றவர்களுக்கு மெய் சிலிர்க்கும். இவனுக்கு, இத்தனை தொண்டையில் எத்தனை கரகரப்பு என்று கவலை வரும்.

வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா மணியம்மாள் ஜாதகத்தைக் குறை சொன்னாள். ஜாதகம் என்ன செய்யும்? வேங்கிக்காலில் பார்த்த ஒரு வீட்டில், பெண்ணின் சித்தி இவனைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வெளியே வரவேயில்லை.

ஐப்பசி மழையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் அபிநயா, இ-சேவை மையத்தில் வேலை. அப்பா சக்கரவர்த்தி மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; வேர்க்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பஸ் ஏறும்போதே மணியம்மாள் மகனை எச்சரித்தாள்.

“அங்க வந்து பொண்ண மட்டும் பாரு. வேற யாரு மூஞ்சியையும் பாக்காத.”

“சரிம்மா.”

சொன்னபடி நடக்கத்தான் நினைத்தான். ஆனால் கேசரித் தட்டை நீட்டிய சக்கரவர்த்தியின் கண்கள் சிவந்திருந்தன. துண்டை வாயில் வைத்து இருமலை விழுங்கினார். மழைக் குளிரில் அவர் நெற்றியில் மட்டும் வியர்வை. புகழேந்தி கேசரியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், முடியவில்லை. அபிநயா காப்பி கொண்டுவந்து எதிரில் நின்றபோது அவன் பார்வை அவளைத் தாண்டி அப்பாவிடம் போய் நின்றது.

“எத்தனை நாளா இருமல் இருக்குதுங்க?”

“எனக்கா?” என்றாள் அபிநயா.

“இல்லீங்க, உங்க அப்பாவுக்கு.”

மணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்கு ஏது இருமல்? மல்லாட்டைத் தூசி அது” என்றார் சக்கரவர்த்தி.

“தூசிக்குக் காய்ச்சல் வராதுங்களே.”

“காய்ச்சல்னு யாரு சொன்னது?”

“ராத்திரி மாத்திரை போட்டுக்கினியேப்பா” என்றாள் மகள். நல்ல நாள் தள்ளிப்போய்விடக் கூடாதென்று மூடி மறைத்த மனிதர், பெற்ற பெண்ணாலேயே மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் மணியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “பொண்ணு இன்னா கலர் பொடவை கட்டினிருந்தா, சொல்லு பாக்கலாம்.”

“அவங்க அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் ஜாஸ்தியா வாங்குச்சிம்மா.”

இந்த வரனும் போயிற்று என்று அவள் முடிவு கட்டினாள்.

திங்கட்கிழமை காலை, லேப் வாசலில் அபிநயா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

“வரமாட்டேன்னாரு. இழுத்துக்கினு வந்துட்டேன்.”

சக்கரவர்த்தி குச்சியின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். “மூக்கு வாசல் வரைக்கும் தானே?”

“கொஞ்சம் உள்ள போவும் மாமா.” மாமா என்று வாயில் வந்துவிட்டது. காது சூடாயிற்று. ஆனாலும் குச்சி நேராக மூக்குக்குள் போய் ஒரு சுழற்றுச் சுழன்றது.

கண்ணில் நீர் வழிய அவர் சொன்னார். “பொண்ணு குடுக்கலாமான்னு யோசிச்சினு இருக்கறவன் மூக்கையாப்பா இப்படிக் கொடையறது?”

அபிநயா சிரித்தாள். கன்னத்தில் லேசாகக் குழி விழுந்தது. இதை முந்தாநாளே பார்த்திருக்கலாமே என்று புகழேந்திக்குத் தோன்றியது.

சென்னையிலிருந்து முடிவு வந்ததும் ஃபோன் செய்தான். அவள்தான் எடுத்தாள்.

“இன்ஃப்ளூயன்ஸா தாங்க. பி வகை.”

“அவரு மீன் கொழம்பு சாப்ட்டுத் தூங்கறாரு. நல்லானப்புறம் தெரிஞ்சி இன்னா பண்றது?”

இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. ஃபோன் சூடாகும்வரை பேசினான். இது அவருக்கு இல்லை, அவருக்குப் பின்னால் காய்ச்சலில் படுக்கப்போகிறவர்களுக்கு என்றான். எது பரவுகிறதென்று தெரிந்தால்தான் மருந்தைக் கையில் வைக்கலாம், அடுத்த தடுப்பூசியில் எதைச் சேர்ப்பதென்று முடிவு செய்யலாம் என்றான். அந்த வாரத்து வரைபடத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். காதல் கடிதம் என்று எழுதினால் இப்படித்தான் எழுதியிருப்பான்.

“இந்தக் கோடு மேல ஏறுது பாருங்க. அதுல உங்க அப்பா இருக்காரு.”

“எந்த எடத்துல?”

“கண்ணுக்குத் தெரியமாட்டாரு. ஆனா அவரு இல்லன்னா கோடு துளி கீழ இருக்கும்.”

அவள் அந்தக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, “உங்க அம்மாவ எங்க அப்பாகிட்ட பேசச் சொல்லுங்க” என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு மாதிரி ஆள் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். சக்கரவர்த்தி காதில் வாங்கவில்லை. நாட்டுக் கணக்கிலேயே தன் சளி ஏறியிருக்கிறதென்று மண்டியில் மூட்டை இறக்க வருகிறவனிடமெல்லாம் சொன்னார். அதோடு நிற்காமல், ஊரில் உடம்புக்கு முடியாத ஆளையெல்லாம் மருமகனிடம் அனுப்பத் தொடங்கினார்.

போன வாரம் ஒருவர் நொண்டிக்கொண்டே லேபுக்கு வந்தார். புகழேந்தி மாமனாரை ஃபோனில் கூப்பிட்டான்.

“மாமா, அவருக்குக் கால் சுளுக்கு. அதுக்கு மூக்குல எடுக்கமாட்டாங்க.”

“இருமறதுக்கு நல்லா சொல்லிக் குடுத்துதானே அனுப்பிச்சேன்” என்றார் சக்கரவர்த்தி. “இருமலியா?”