சில்லுமேட்டின் மேற்குக் குழி

மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்த பானை ஓட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒரு வாசனை வரும். முதல் மழையின் வாசனை போலத்தான் இருக்கும், ஆனால் அதில் கொஞ்சம் கரியும் கொஞ்சம் உப்பும் கலந்திருக்கும்; மூச்சை இழுத்தால் தொண்டைவரை போய் நிற்கும். எண்ணூரில், எங்கள் தெருவுக்குப் பின்னால், கழிமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த மணல்மேட்டில் அப்படிப்பட்ட ஓடுகள் கால் வைத்த இடமெல்லாம் கிடந்தன. பாண்டி ஆடச் சில்லு வேண்டுமென்றால் பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். அதனாலேயே அதற்குச் "சில்லுமேடு" என்று பெயர் விழுந்துவிட்டது.

என்னை மட்டும் அம்மா அந்த மேட்டில் ஏற விட்டதில்லை. என் அம்மா ஸ்டெல்லா கையோங்கும் ஜாதியில்லை. பள்ளிக்கூடத்தில் பெயிலானபோதுகூட என்னை அடிக்காதவர். ஆனால் ஒருமுறை பாவாடை மடிப்பில் நாலு ஓடுகளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவற்றைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, முதுகில் பொத்துப் பொத்தென்று போட்டார். "அங்க போவாத. சொல்லிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கிற இடத்திலிருந்து மேட்டின் மேற்குச் சரிவும் அதிலிருந்த ஒரு வேலிக்காத்தான் புதரும் தெரியும். அம்மா அந்தப் புதரையே பார்த்துக்கொண்டு நிற்பார். வரிசை நகர்ந்தது தெரியாமல் நிற்கிறவரைப் பின்னால் நிற்பவர்கள்தான் இடித்து, "இன்னாக்கா, தூங்கினுகீற?" என்று நகர்த்துவார்கள்.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் அந்த மேட்டுக்கு ஒரு ஜீப் வந்தது. முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, மேட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். மண்ணுக்கடியில் பழைய காலத்து ஊர் ஒன்று இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம் என்று தெரு முழுக்கப் பேச்சு. என் நைனா அந்தோணி வேலை பார்த்த இரும்பு வார்ப்புக் கம்பெனி அப்போது பூட்டிக் கிடந்தது. தோண்டுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நைனாதான் முதல் ஆளாகப் போய் நின்றார். அன்றைக்கு அம்மா அவரோடு பேசவில்லை. கம்பெனி ஆள் மண்வெட்டி தூக்கப் போகிறாரே என்ற வருத்தம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு அந்த வேலை வாய்த்துவிட்டது. வார்ப்பு அச்சில் மணலை நிரவிப் பழகிய கை என்பதால், கரணையால் மண்ணை மெல்லிசாகச் சீவி எடுப்பதில் அவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அகழாய்வை நடத்திய ஆபீசர் மதுரைப் பக்கத்துக்காரர்; கூலிக்காரர்களையும் "வாங்க, போங்க" என்று பேசுவார். முக்கியமான இடம் வந்தால் "அந்தோணியக் கூப்பிடுங்க" என்பார். இரண்டு வாரத்தில் சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு ஒன்று வெளியே வந்தது. கறுப்பும் சிவப்புமாக ஓடுகள், நீலக் கண்ணாடி மணிகள். ராயபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறிப் பார்க்க வந்தார்கள். "கலீஜு கலீஜுன்னு மூக்கப் பொத்தினு போவானுங்க, இப்ப பாத்தியா, நம்ம மேட்டாண்ட ராஜா காலத்து ஊரு கீது" என்று டீக்கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நைனா அன்றன்றைக்குக் கற்றுக்கொண்டதை எனக்குச் சொல்லுவார். மண் வரி வரியாகப் படிந்திருக்கும், ஒவ்வொரு வரியும் ஒரு காலம் என்பார். ஒருநாள், "ஒருத்தன் குழி வெட்டி மூடினான்னு வெச்சுக்க, ஆயிரம் வருசம் ஆனாலும் மண்ணு காட்டிக் குடுத்துடும். கலர் மாறிப் பூடும். சார் குழியோட செவுத்தப் பாத்தே சொல்லிடுவாரு" என்றார். சொல்லி முடித்த பிறகு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

லீவு நாட்கள் என்பதால் நைனாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலையாகியிருந்தது. அம்மா வேறு வழியில்லாமல்தான் அனுப்பினார். அப்படிப் போன ஒரு மதியம், மேற்குச் சரிவில் ஆட்கள் கூடி நின்றார்கள். வேலிக்காத்தான் புதரை வெட்டி அந்தப் பக்கமும் ஒரு குழி போட ஆபீசர் நூல் கட்டச் சொல்லியிருந்தார். நைனா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சதுரத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அந்தோணி, ஏன் நிறுத்திட்டீங்க?"

"அங்க வேணாம் சார்."

"ஏன்?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, "அங்க எம் புள்ள கீது சார்" என்றார்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் பிறந்து, அரைநாள்கூட இருக்காமல் போனவன். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அப்போதிருந்த உபதேசியார் சொல்லிவிட்டார். எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருந்த அம்மா, "மேட்டு மேல வெச்சுடு. அங்கதான் தண்ணி ஏறாது" என்று மட்டும் சொன்னாராம். நைனா பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் தனியாகப் போனார். திரும்பி வந்து, வேலிக்காத்தான் புதர் ஓரம் என்று சொன்னார். சிலுவை நடவில்லை. பதிமூன்று வருடமாக அம்மா அந்தப் புதரைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்துவந்தார்.

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். "சரி, இந்தப் பக்கம் விட்டுருவோம்" என்று நூலை அவிழ்க்கச் சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நான் வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடந்ததைச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார். புதிதாக வந்திருந்த சாமியார் வயதில் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலும்பு ஒண்ணு கெடைச்சாலும் கொண்டு வாங்கம்மா, ஜெபம் பண்ணி நம்ம தோட்டத்துலயே வைக்கலாம்" என்றாராம். திரும்பி வந்த அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். தையல் நூல்கண்டுகள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கொட்டிக் காலிசெய்து, கழுவிக் காயவைத்து, வெள்ளைத் துணியை மடித்து உள்ளே விரித்தார்.

நைனா அன்றிரவு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வேணாம் ஸ்டெல்லா. தூங்கற புள்ளைய ஏன் எழுப்பற" என்றார். அம்மா கேட்கவில்லை. "வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு யார் யார் புள்ளைக்கோ மெழுவத்தி கொளுத்திட்டு வரேன். எனக்கு எம் புள்ள வேணும்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா முதன்முறையாக மேட்டில் ஏறினார், இடுப்பில் அந்த டின்னோடு. ஆபீசர் மற்ற ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டார். நைனா யாரையும் தொட விடாமல் தானே தோண்டினார். முழங்கால் ஆழம் போனது. இடுப்பு ஆழம் போனது. ஒவ்வொரு கூடை மண்ணையும் அம்மா கையால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் கொட்ட விட்டார். ஓடு வந்தது, சிப்பி வந்தது, பிறகு அதுவும் நின்று வெறும் மஞ்சள் மணல் வந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது ஆபீசர் குழிக்குள் இறங்கி, நாலு சுவரையும் கரணையால் சீவி, தண்ணீர் தெளித்து, நிதானமாகப் பார்த்தார். அந்த மனிதருக்கு அம்மாவிடம் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்திருக்கும்.

"நீங்க மனச விட்டுறாதீங்கம்மா. எடம் கொஞ்சம் தள்ளியிருக்கலாம். இந்த மண்ணு யாருமே தொடாத மண்ணு. இங்க ஒருத்தரும் குழி வெட்டினதே இல்ல. பாருங்க, வரி ஒண்ணுகூடக் கலையல. அந்தோணிக்கே தெரியும்."

அம்மா சுவரைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தார். நைனா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வெச்ச?" என்றார் அம்மா.

நைனா மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே பேசினார். "இங்கதான் எடுத்துனு வந்தேன். விடிகாலைல இந்த மேட்டுல சனங்க வெளிக்குக் குந்தினு இருந்தாங்க. கால் வெக்க முடியல. அந்தக் கலீஜுல எம் புள்ளைய வெக்க மனசு வரல. கடலோரம் போயி, சவுக்காண்ட, சுத்தமான மணல்ல வெச்சேன். நீ மேட்டுல வெக்கச் சொன்னியேன்னு மேடுன்னு சொல்லிட்டேன். நீ எழுந்ததும் இட்டுனு போயி காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஐப்பசி மழைல கடல் உள்ள வந்துடுச்சு. சவுக்கோட எடுத்துனு பூடுச்சு. அப்பறம் எப்டி சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் அந்த வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றது எதற்காக என்று. பிள்ளை இல்லாத இடத்தை யாரும் தோண்டிவிடாமல் காக்கத்தான் போயிருக்கிறார்.

அம்மா கத்தவில்லை. டின்னின் மூடியை அழுத்தி மூடினார். "கடலா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு மேட்டிலிருந்து இறங்கி நடந்தார். ஆபீசர் என்ன செய்வதென்று தெரியாமல் கரணையைக் கையில் வைத்தபடியே நின்றார். நைனா சாயங்காலம்வரை தனி ஆளாக அந்தக் குழியை மூடினார். மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது நூல்கண்டுகள் எல்லாம் மறுபடி டின்னுக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அம்மா அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நைனாவோடு பேசவில்லை. அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று, கோயிலிலிருந்து வரும் வழியில், "எங்கன்னு காட்டு" என்றார். மூன்று பேரும் கடலோரம் போனோம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகள் மேல் நின்று, நைனா தண்ணீருக்குள் ஒரு இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். அம்மா பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை அது நடந்துகொண்டே வந்தது.

இன்று சில்லுமேடு இல்லை. அகழாய்வு முடிந்து, எடுத்தவற்றை மூட்டை கட்டிக்கொண்டு ஜீப் போன சில வருடங்களில் மேட்டைத் தரைமட்டமாக்கிக் கன்டெய்னர் அடுக்குகிற இடமாக்கிவிட்டார்கள். அந்த ஓடுகளும் மணிகளும் எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஆபீசர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. எங்கள் தெருவிலேயே பாதியைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் எம்.கே.பி. நகருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. போன வருடம் நைனாவும் போய்விட்டார். அவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. கடைசி மண் விழுகிறவரை அம்மா குழியருகிலேயே நின்றார்.

இந்தக் கல்லறைத் திருநாளன்று நைனாவின் கல்லறைக்குப் போய்விட்டு, அம்மாவை ஆட்டோவில் கடலோரம் கூட்டிப்போனேன். பாறைகள் இன்னும் உயரமாகிவிட்டிருந்தன, கரையே வேறாகியிருந்தது. அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கடி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடமும் அவர்கள் இருவரும் கடலைப் பார்த்து நின்றபோது நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நைனாவின் விரல் எந்தப் பக்கம் நீண்டது என்று ஒருதடவையும் பார்த்துவைக்கவில்லை.

நான் கையை நீட்டினேன்.

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்தக் கப்பலுக்கு இந்தாண்டயா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.